நாற்சார் வீடும் ஒரு திறப்பும்

களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்துக்கு முகத்துவாரம் என்று பெயர். துவாரம் என்றால் வாயில். ஆறு கடலுக்குட் புகும் வாயிலே ஊர்ப் பெயராயிற்று. இச்சொல்லே ஐரோப்பியர் நாவில் உருத்திரிந்து மட்வல் ஆயிற்றென்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொழும்பின் செல்வரும் பெரிய உத்தியோகத்தரும் நாடிவந்து குடியிருந்த கடற்கரை ஊர் இது. அக்காலத்திற் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த பிலிப் அன்ஸ்ட்ருதரின் மாளிகை இங்கேதான் இருந்தது. ஸ்கொத்லாந்தில் அவர் குடும்பத்தார்க்குரிய ஊரின் பெயரால் அதனை ஈலி ஹவுஸ் என்றார்கள். மாளிகை மறைந்துவிட்டது, பூங்காவொன்றும் நீர்த்தேக்கமும் அப்பெயரைச் சுமந்து நிற்கின்றன. நம்மவர் நாவில் அது ‘எலி ஹவுஸ்’ ஆகிவிட்டமையால், எலிகள் வாழ்ந்த வீடு போலும் என்று இங்குள்ள சிறுவர்கள் எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. 1851ஆம் ஆண்டில் இங்கே தொடங்கப்பெற்ற புனித தோமையார் கல்லூரியும், துறைமுகத்து நிலக்கரித் தூசியைத் தாளாது, 1918ஆம் ஆண்டிற் கல்கிசைக்குப் பெயர்ந்து போயிற்று.

வீடு போனபின் பெயர் மாத்திரம் எஞ்சும் இவ்வூரில், எங்கள் வாடகை வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில் ஒரு திறப்புத் தொங்குகின்றது. ஒரு சாண் நீளம், இரும்பு, பிடியிலே ஒரு வளையம். அதற்குரிய கதவு இங்கில்லை. அது வலிகாமம் வடக்கில், கட்டுவன் என்னும் செம்மண் ஊரில், எங்கள் அம்மம்மாவின் நாற்சார் வீட்டுத் தலைவாசற் கதவுக்குரியது. 1990ஆம் ஆண்டு ஆனித் திங்களில் அவ்வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறியவர், “ரெண்டு கிழமையிலை வந்திடுவம்” என்று பக்கத்து வீட்டாரிடம் சொன்னாராம். பக்கத்து வீட்டாரும் அதே வார்த்தையைத்தான் அவரிடம் சொன்னார்களாம். உரும்பிராய், பின்னர் தென்மராட்சி, பின்னர் வன்னி, கடைசியில் முகத்துவாரம் என்று திறப்பு அவர் இடுப்பிலேயே வந்தது. 2003ஆம் ஆண்டில் அவர் கண்மூடியபின் ஆணிக்கு வந்தது.

தமிழகத்தார் இதனைச் சாவி என்பர். அது போர்த்துக்கேயச் சொல். யாழ்ப்பாணத்தார் திறப்பு என்பர். இதில் எனக்கு எப்பொழுதும் ஒரு வேடிக்கை தோன்றும். நம்மவர் வீட்டுக்குட் பறங்கிச் சொற்கள் புகாத மூலை இல்லை. விறாந்தை அவர்களது, குசினி அவர்களது, யன்னல், மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு, கூரையைத் தாங்கும் தீராந்தி உட்பட எல்லாம் அவர்களது. மேசையின் லாச்சி ஒல்லாந்தர் தந்தது. கோடிப்புறத்துக் கக்கூசும் அவர்கள் தந்ததே. 1619 முதல் 1658 வரை போர்த்துக்கேயரும், அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஒல்லாந்தரும் ஆண்ட நாட்டில் இது நிகழக்கூடியதே. ஆயினும் வீட்டின் எலும்புக்கூட்டுக்கு நம்மவர் தமிழ்ப் பெயர்களையே வைத்துக்கொண்டனர். தலைவாசல், முற்றம், திண்ணை, அடுப்படி, கிணற்றடி, கோடி, வளவு, வேலி, படலை என்பவற்றை எவரும் மாற்றவில்லை. திறப்பையும் மாற்றவில்லை. எது பழையது, எது பின்னர் வந்தது என்று அறிய அகழ்வாராய்ச்சியாளர் மண்ணைத் தோண்டவேண்டும். நாற்சார் வீட்டைப் பொறுத்தமட்டிற் பேச்சைத் தோண்டினாலே பாதி விடயம் வந்துவிடும்.

நாற்சார் என்பது என்ன? சார் என்பது சாய்ந்திறங்கும் கூரை. நான்கு புறத்துக் கூரைகளும் நடுவேயுள்ள முற்றத்தை நோக்கிச் சாய்ந்திறங்க, நடு வானம் திறந்திருப்பது நாற்சார். பேச்சு வழக்கில் நாச்சார் வீடு என்பர். கேரளத்தில் நாலுகெட்டு, சிங்கள வளவுகளில் மெத மிதுல, செட்டிநாட்டில் வளவு, பழைய உரோமாபுரியில் ஆட்ரியம், சீனாவிலும் இத்தகையதே. இவற்றுள் எது எதற்குத் தாய் என்று வாதிடுவார் உளர். வெயிலும் மழையும் ஒருங்கே கொடுமை செய்யும் நாடுகளில், வீட்டுக்குள்ளேயே வானத்தைக் கொண்டுவர எண்ணிய மனிதன் வேறெந்த வடிவத்துக்கு வந்திருக்கக்கூடும் என்பதே என் கேள்வி. யாழ்ப்பாணத்துப் பழைய வளவில் அறைவீடு ஒன்று, மால் ஒன்று, அடுப்படி ஒன்று என்று தனித்தனிக் கொட்டில்களாக, நடுவில் ஒரு முற்றத்தை விட்டு அமைத்திருப்பர். அக்கொட்டில்கள் வசதி வந்தபோது ஒன்றையொன்று தொட்டு, ஒரே கூரைக்கு உட்பட்டமையே நம் நாற்சார் வீடு என்று கொள்ளுதல் பொருத்தமாகப் படுகின்றது.

அம்மம்மாவின் வீட்டை நான் பன்னிரண்டு வயது வரை கண்டவன். ஒழுங்கையிலிருந்து பார்த்தால் வீடு தெரியாது, வேலிதான் தெரியும். பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நின்று தளிர்க்க, அவற்றோடு கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டிய வேலி. ஆண்டுதோறும் வேலியடைப்பது ஒரு திருவிழா. எல்லைக் கதியால் ஓர் அடி அங்கே போயிற்று, அரையடி இங்கே வந்தது என்று ஆண்டுதோறும் நிகழும் சண்டை அத்திருவிழாவின் வாணவேடிக்கை. வேலியின் நடுவே சங்கடப்படலை. படலைக்கு மேலே சிறு கூரை, இருபுறமும் குந்துகள், வழிப்போக்கர் மழைக்கு ஒதுங்கி இளைப்பாறலாம். வீட்டுக்காரர் அறியாமலே அவர் வீடு ஒருவருக்கு உபகாரம் செய்யும் இடம் அது.

படலையைத் தாண்டினால் முன்முற்றம். பின்னர் தலைவாசல். கதவின் மேல் நிலையிற் செதுக்கிய திருமகளும் இருபுறமும் யானைகளும். அக்கதவுக்குத்தான் இத்திறப்பு. தலைவாசலின் இருமருங்கும் திண்ணை. வந்தவர் யாரென்று தெரியுமட்டும் பேச்சு அங்கேதான் நடக்கும். உள்ளே நுழைந்தவுடன் இருட்டு. நாலடி வைத்தவுடன் ஒரே வெளிச்சம். முற்றம். அதனைச் சுற்றித் தூண்கள் தாங்கும் விறாந்தை. மேற்கே இரண்டு அறைகள், நடுவே சாமியறை. தென்கிழக்கு மூலையில் அடுப்படி. வடக்கே நெல்லும் மிளகாயும் வைக்கும் கொம்பறை. பின்வாசலுக்கு அப்பால் கிணறு, ஆடுகாலும் துலாவும், அதற்கப்பால் வாழை, எலுமிச்சை, தோட்டம்.

இந்த முற்றத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் வீடு என்பது முற்றமே, மற்றவை அதன் கரைகள். இரவிற் குளிர்ந்த காற்று கனத்து முற்றத்துள் இறங்கித் தங்கும். காலையில் வெயில் ஏற ஏற, முற்றத்துக் காற்று சூடாகி மேலெழும். அதனிடத்தை நிரப்ப விறாந்தை நிழலின் ஊடாகக் காற்று அசையும். வெளியிலே சித்திரை வெயில் செம்மண்ணைச் சுட்டுக்கொண்டிருக்கையில், விறாந்தைத் தரையில் வெறும் உடம்போடு படுத்துறங்கலாம். ஐப்பசியில் மாரி தொடங்கினால், நான்கு கூரை நீரும் நான்கு மூலைகளிலிருந்தும் முற்றத்தில் வீழும். தண்ணீர் வாய்க்கால் வழியே தெற்குச் சுவரடியாற் சென்று எலுமிச்சைக்குப் பாயும். பெரு மழையில் வாய்க்காலைச் செத்தை அடைத்துவிட்டால் முற்றம் குளமாகும். அன்று எங்களுக்குக் கடதாசிக் கப்பல்; அம்மம்மாவுக்குத் தும்புத்தடியோடு போராட்டம். அங்கேதான் மிளகாய் காய்ந்தது; ஒடியல் காய்ந்தது; பொங்கற் பானை வைக்கப்பட்டது; அம்மாவின் திருமணப் பந்தல் போடப்பட்டது; அப்புவின் உடல் கடைசியாகக் கிடத்தப்பட்டது. பிறப்பும் இறப்பும் மிளகாயும் ஒரே இடத்திற் காய்வதில் நமக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

கட்டிய பொருளைப் பற்றி: யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை, பெருங்காடு இல்லை, குறிப்பிடத்தக்க ஆறும் இல்லை. நிலத்தை வெட்டினாற் சுண்ணாம்புக்கல். நிமிர்ந்து பார்த்தாற் பனை. இவ்விரண்டையும் கொண்டே வீடு எழுந்தது. கல்லையும் கடற்சிப்பியையும் சூளையிற் சுட்டு நீற்றிய சுண்ணாம்பிலே பனங்கட்டியும் கடுக்காய் ஊறிய நீரும் கூட்டிக் குழைத்த சாந்து, நாட்செல்ல நாட்செல்ல இறுகும் இயல்புடையது. நன்கு முதிர்ந்து வைரம் பாய்ந்த பனையைப் பிளந்த சலாகையும் கைமரமும் கறையானுக்கு எளிதில் இடங்கொடா. முதலிற் கூரை ஓலையே. தொழிலாளர் ஆண்டுக்கு ஆண்டு வந்து வேய்ந்தனர். ஓடு பின்னர் வந்தது. 1865ஆம் ஆண்டில் மங்களூரிற் பாசல் மிசனார் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடர்ந்து மலையாளக் கரையெங்கும் சூளைகள் பெருகின. அந்தத் தட்டையோடு தோணியேறி ஊர்காவற்றுறைக்கும் பருத்தித்துறைக்கும் வந்திறங்கிற்று. பர்மாத் தேக்கும் அவ்வாறே கடல் கடந்து வந்தது. அக்காலத்து வல்வெட்டித்துறைக் கப்பலோட்டிகளின் திறமைக்கு ஒரு சான்று போதும்: அவ்வூரிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறையையே சென்றடைந்தது. அத்தகையோர்க்கு நாலு தூணுக்கு மரம் கொண்டுவருதல் ஒரு காரியமா?

பணம் எங்கிருந்து வந்தது? எங்கள் வீட்டைப் பொறுத்தமட்டில், புகையிலையிலிருந்து. கட்டுவன் செம்மண்ணில் விளைந்த புகையிலையின் பெரும்பங்கு திருவிதாங்கூருக்குப் போயிற்று. அவ்வணிகம் தளர்ந்தபோது மலாயா கைகொடுத்தது. புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராகச் சென்ற நம்மவர் அனுப்பிய பணத்தால் ஓலை போய் ஓடு வந்தது. சாணமெழுகிய தரை போய்ச் சீமெந்துத் தரை வந்தது. எங்கள் பூட்டனார் ஒருவர் ஈப்போவிலிருந்து அனுப்பிய பணத்திலேதான் அந்தத் தேக்கந் தூண்கள் நின்றன. அவர் அத்தூண்களில் ஒருநாளும் சாய்ந்திருந்ததில்லை. அங்கேயே இறந்துபோனார்.

வீட்டைப் புகழ்ந்துகொண்டே போவது எளிது. இதனையும் சொல்லவேண்டும்: அந்தச் சுண்ணாம்பைச் சுட்டவரும், அந்தப் பனையைத் தறித்தவரும், கிணற்றை வெட்டியவரும் தலைவாசலைத் தாண்டியதில்லை. கிணற்றை வெட்டி நீரைக் கண்டவனே, வேலை முடிந்த மறுநாள் அதே கிணற்றில் தானாக அள்ளிக் குடிக்க முடியாமல் இரு கைகளையும் குவித்து நின்றான். எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள மாவிட்டபுரத்திலே 1968ஆம் ஆண்டில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற்ற நாட்களிலும், எங்கள் திண்ணையில் இருந்தோர் பேசிய பேச்சுக்களை அம்மா இன்றும் வெட்கத்தோடு நினைவுகூர்வார். வீட்டுக்குள்ளேயும் அவ்வாறே. உள்விறாந்தையோடு உலகம் முடிந்த பெண்கள், முற்றத்து வானத்தைத் தவிர வேறு வானம் காணாத கைம்பெண்கள் அங்கே இருந்தனர். எம். டி. வாசுதேவன் நாயர் 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நாலுகெட்டு’ என்னும் மலையாள நாவலின் முடிவில், தலைமகன் தன்னைத் துரத்திய அந்த வீட்டை விலைக்கு வாங்கிவிட்டு, அதனை இடித்துக் காற்றும் ஒளியும் புகும் சிறு வீடொன்று கட்ட எண்ணுகிறான். படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, இப்பொழுது வருவதில்லை.

ஆனால் அப்பெண்களைக் குறித்து இன்னொன்றும் உண்டு. அதுவே நம் வீட்டைக் கேரளத்து வீட்டிலிருந்தும் செட்டிநாட்டு வீட்டிலிருந்தும் வேறுபடுத்துகின்றது. யாழ்ப்பாணத்திலே வீடு பெரும்பாலும் பெண்ணுடையது. ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸ் காலத்தில், திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழமைகளைத் திரட்டினார். அது தமிழாக்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களாற் சரிபார்க்கப்பட்டு, 1707ஆம் ஆண்டிற் சட்டமாயிற்று. அதுவே தேசவழமை. முன்னோர்வழி வந்தது முதுசம்; மணமக்கள் தாமே ஈட்டியது தேடியதேட்டம்; மகளுக்கு மணத்தின்போது கொடுப்பது சீதனம். பழைய வழமைப்படி முதுசம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் என்று வழிவழிச் சென்றது. ஆகவே மகளுக்கு வீடும் வளவும் எழுதிக் கொடுக்க, மாப்பிள்ளை வந்து குடியிருந்தார். அம்மம்மாவின் வீட்டிலே அப்பு ஐம்பது ஆண்டு வாழ்ந்தார். கடைசிவரை அதனைத் ‘தங்கச்சியின் வீடு’ என்பதுபோல ஒரு மரியாதையோடு, ‘அவையின்ரை வீடு’ என்றே சொன்னார். உறுதிக்காகிதத்தில் இருந்தது அம்மம்மாவின் பெயர். திறப்பு அம்மம்மாவின் இடுப்பில். அவர் அதனைக் கைவிடாமைக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இதிலேதான் வீட்டின் கேடும் இருந்தது. ஒரு மகள் உள்ள இடத்தில் வீடு முழுதாக நிலைத்தது. இரண்டாம் மகளுக்கு வேறு வீடு கட்ட வசதியில்லாதபோது, வீடே சீதனமாகப் பிளந்தது. யாழ்ப்பாணத்து உறுதிகளைப் படித்துப் பார்த்தோர் அறிவர்: இத்தனை பரப்பு, இத்தனை குழி, அதில் வடக்குப் பாதி, கிணற்றிற் பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்று எண்கள் நீளும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர், பதினெட்டுக் குழி ஒரு பரப்பு என்று கணக்கு நுணுகி நுணுகி, அரைக் கிணறும் காற் பலாமரமும் மணமகளுக்குப் போகும். கிணற்றைப் பங்கிடலாம், முறை வைத்து இறைக்கலாம். முற்றத்தை எப்படிப் பங்கிடுவது?

எங்கள் வீட்டில் பங்கிட்டார்கள். அம்மம்மாவுக்குத் தங்கை ஒருவர். இருவருக்கும் பாதி பாதி. இருபது ஆண்டுக்கு மேல் ஒரே முற்றத்தில், இரு அடுப்பில், சமாதானமாகவே வாழ்ந்தனர். 1964ஆம் ஆண்டில், ஒரு மாங்கன்றை எங்கே நடுவது என்பதிற் பேச்சு முற்றி, முற்றத்தின் நடுவே கிழக்கு மேற்காக ஒரு சுவர் எழுந்தது. காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டில் எழுந்திருந்தது. ஆகவே சீமெந்துக்குப் பஞ்சமில்லை. முழு வீட்டையும் கட்டிய சுண்ணாம்புச் சாந்தைக் குழைக்கத் திங்கட் கணக்கிற் சென்றதாம். சுவர் மூன்று நாளில் முடிந்துவிட்டது. அப்பொழுது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. “அண்டைக்குப் பின்னேரம் சின்னம்மா சுவருக்கு அந்தப் பக்கம் இருமினவ. அம்மா இந்தப் பக்கம் தேத்தண்ணி ஆத்திக்கொண்டு நிண்டவ, கோப்பையை வைச்சிட்டு அழுதவ” என்று அவர் சொல்வார்.

சுவர் எழுந்ததும் மாரியும் வந்தது. வாய்க்கால் தெற்குப் பாதியிலே. வடக்குப் பாதி நீருக்கு வழியில்லை. வடக்குப் பாதி அம்மம்மாவுடையது. நியாயம் பேசப் பெரியவர்கள் கூடினர். நீர்வழியுரிமை உறுதியிலே இருக்கிறது என்று அம்மம்மா காகிதத்தை எடுத்துக் காட்டினாராம். இறுதியிற் சுவரின் அடியில் ஒரு துவாரம் இட்டனர். ஒரு சாண் சதுரம். அதன்வழியே மழைத் தண்ணீர் போயிற்று. நாளடைவில் வேறு பொருள்களும் போயின. அம்மம்மா சுட்ட பணியாரம் போயிற்று. தங்கையார் வீட்டுக் கோழிக்குஞ்சு வந்தது. எங்கள் காலத்தில் நாங்களே ஊர்ந்து போகப் பார்த்துத் தலை சிக்கி அடி வாங்கினோம். சகோதரிகள் இருவரும் பின்னர் பேசிக்கொண்டனர். ஆயினும் சுவரை இடிக்க ஒருவரும் முன்வரவில்லை.

இதனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாற்சார் வீடுகள் எங்கே என்று கேட்டால், போர் தின்றுவிட்டது என்கிறோம். வலிகாமம் வடக்கைப் பொறுத்தமட்டில் இதனை மறுப்பார் யார்? 1990க்குப் பின் ஊர் ஊராக மக்கள் புகமுடியாத வலயமாயிற்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதுமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. ஆனால் போர் எட்டிப் பாராத ஊர்களிலும் இவ்வீடுகள் அருகிவிட்டனவே! சுவரெழுப்பிப் பிளந்தவை, முற்றத்துக்கு மேலே கொங்கிறீற்றுத் தட்டுப் போட்டு மூடியவை, ஒரு பக்கத்தை இடித்து மாடி வைத்தவை என்று எத்தனை! சீதனப் பங்கீடும், தனிக் குடும்பத்துக்குத் தனி வாசல் வேண்டும் என்ற இயல்பான ஆசையும், மூன்று நாளில் முடியும் சீமெந்தும் தொடங்கிய வேலையைப் போர் விரைந்து முடித்தது என்பதே என் துணிபு. இதனாற் போரின் பாரம் ஒரு குன்றிமணியளவும் குறைவதில்லை. வீட்டை மீளக் கட்டுவோம் என்று எழுகின்றவர்கள் எந்த வீட்டைக் கட்டுவது என்று முதலில் தெளிய வேண்டுமே என்பதற்காகச் சொல்கின்றேன்.

2018ஆம் ஆண்டில் எங்கள் காணிக்குள் நுழைய முடிந்தது. அம்மா திறப்பைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒழுங்கையை அடையாளம் காண்பதற்கே அரைநாள் சென்றது. வேலியில்லை, படலையில்லை, கதவில்லை, நிலையில்லை. தூண்களும் தீராந்திகளும் ஓடுகளும் எந்நாளிலோ எங்கோ போயிருந்தன. கூரை போனபின் மழை நேரே இறங்கி ஊறி, சுண்ணாம்புச் சுவர்கள் கல்வேறு மண்வேறாய்ச் சரிந்து, மேல் ஆலும் நாயுருவியும் படர்ந்து கிடந்தன. சுண்ணாம்புச் சுவரின் உயிர் அதன் தலையில் உள்ள கூரையே. குடை போனால் அது நெடுநாள் நில்லாது. நடுவிலே ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்றது. 1964ஆம் ஆண்டுச் சுவர். அடியில் அந்தத் துவாரமும் அப்படியே இருந்தது. அம்மா அதன் அருகே குந்தியிருந்து, அடைத்திருந்த சருகைக் கையால் இழுத்து எறிந்தார்.

இனி அந்த வளவை என் செய்வது? இன்று அது பதினொரு பேருக்குரியது. ஐவர் கனடாவில், இருவர் இலண்டனில், ஒருவர் நோர்வேயில், மூவர் இங்கே. விற்றுவிடலாம் என்பார் சிலர். விற்பதென்றாலும், பங்காளிக்கு முதலில் அறிவித்தல் வேண்டும் என்ற முன்கொள்வனவு உரிமை தேசவழமையில் உண்டு; 1947ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு வரம்பு வகுத்திருக்கின்றது. முந்நூறு ஆண்டுக்கு முந்திய வழமை பதினொரு பேரையும் ஒரு மேசையிற் கூட்ட வல்லதாயிருக்கிறது. ஆனால் அந்த மேசை இப்பொழுது கைத்தொலைபேசியில் இருக்கிறது. ஒருவர் விழித்திருக்கையில் மற்றவர் உறங்குகிறார்.

வீட்டைப் பெயர்த்துக் கொண்டுபோய் வேறிடத்தில் வைத்தவர்களும் உளர். கொள்ளுப்பிட்டியில் எனா டி சில்வாவுக்கு, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் ஒரு வீடு கட்டினார். நகரத்துச் சிறு காணியில், சாலைக்குச் சுவரைக் காட்டி, உள்ளே ஒரு பெரு முற்றத்தைத் திறந்த வீடு அது. பழைய முற்றத்தை மறந்துகொண்டிருந்த கொழும்புக்கு அதனை நினைவூட்டியது. நாளடைவில் அக்காணி கைமாறியபோது, 2009ஆம் ஆண்டை ஒட்டி, அவ்வீட்டைக் கல் கல்லாகப் பிரித்து எண்ணிட்டு, பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள லுணுகங்கைத் தோட்டத்தில் மீண்டும் எழுப்பினார்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடொன்று அவ்வாறே பெயர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றது. பெயர்ப்பதற்கு எங்களிடம் வீடில்லை. எண்ணிடுவதற்குக் கல்லும் மரமும் இல்லை. இருப்பது அளவு மட்டும். அதுவும் அம்மாவின் நினைவில்.

ஆகவே சென்ற ஆண்டு தொடக்கம் ஞாயிறுதோறும் இங்கே முகத்துவாரத்தில் ஒரு வேலை நடக்கின்றது. பெரிய கடதாசியில் அவ்வீட்டின் படத்தை வரைகின்றோம். அம்மா சொல்லச் சொல்ல நான் கோடிடுவேன். அடி அளவு அவருக்குத் தெரியாது; “இந்த அறையிலை நாலு பாய் விரிக்கலாம், அஞ்சாவது பாய் கதவிலை முட்டும்” என்பார். பாயின் நீள அகலத்தை வைத்து அறையின் அளவைக் கணக்கிடுகின்றேன். மாணவர்க்குக் கணிதம் கற்பிக்கும் எனக்கு இதைப்போல் இனிய கணக்கு வாய்த்ததில்லை. முற்றம் முழுமைக்கும் நெல் பரப்பினால் எத்தனை கடகம் கொள்ளும் என்பதிலிருந்து அதன் பரப்பு வந்தது. தூணின் சுற்றளவு, ஆறு வயதில் அதனைக் கட்டிப்பிடித்தபோது இரு கை விரல்களும் தொட்டனவா என்பதிலிருந்து வந்தது. கனடாவிலுள்ள பெரியம்மாவின் மகள் ஒரு திருமண நிழற்படம் அனுப்பினாள். அதன் பின்புறத்தில் வடக்கு விறாந்தையின் மூன்று தூண்கள் தெரிகின்றன. இலண்டனிலிருந்து வந்த படத்தில் தலைவாசல் நிலையில் ஒரு யானை தெரிகின்றது. மற்ற யானை மாப்பிள்ளையின் தலைப்பாகைக்குப் பின்னே மறைந்துவிட்டது.

ஒரு பிணக்கு மட்டும் தீரவில்லை. தெற்கு விறாந்தையில் எத்தனை தூண்? நான்கு என்கிறார் அம்மா. ஐந்து என்கிறாள் சின்னம்மம்மாவின் மகள். அவள் தெற்குப் பாதியிற் பிறந்தவள். சுவர் எழுந்தபின் அந்தப் பக்கத்தை அம்மா முழுதாகக் கண்டதில்லை. அவளோ சுவருக்கு முந்திய முற்றத்தைக் கண்டதேயில்லை. கடந்த ஞாயிறு இருவரும் தொலைபேசியில் ஒரு மணி நேரம் வழக்காடினர். நான் நான்கு தூணை மையினாலும், ஐந்தாவதைப் பென்சிலினாலும் வரைந்து வைத்திருக்கின்றேன். சுவரை வரைவதா விடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. துவாரத்தை மட்டும் வரைந்தாயிற்று; அதன் அளவில் எவருக்கும் ஐயமில்லை.